ஆடிட்டர் ஆபீஸ் கணக்கு வேலை: என் வேகம் சரிதானா என்று நானே அளப்பது எப்படி?

நாள்வழி கேட்டது:

வணக்கம். கோவையில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை. என் பொறுப்பில் 32 பார்ட்டி (வாடிக்கையாளர்), எல்லாமே மாதாமாதம் ஜிஎஸ்டி ஃபைல் செய்கிறவர்கள். டேலி பிரைம் கணக்கு மென்பொருளில் என்ட்ரி, ஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) ஒப்பிடுவது, 3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்). இது போக ஏழெட்டுப் பேருக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி). 18 பார்ட்டி சின்னது (மாதம் 50 பில்லுக்குள்), 10 நடுத்தரம் (200 பில் வரை), 4 பெரியது (500, 600 பில்). காலை 9.30 முதல் மாலை 6.30 வரை வேலை, ஞாயிறு மட்டும் லீவு.

8-ஆம் தேதியிலிருந்து 20 வரை கிளம்ப இரவு ஒன்பது ஆகிறது. 21-க்கு மேல் அவ்வளவு நெருக்கடி இல்லை. ஆபீஸில் "ஸ்பீடு போதாது" என்கிறார்கள். நாளுக்கு எத்தனை வவுச்சர் (டேலியில் போடும் ஒரு பதிவு) என்று எண்ணிப் பார்த்தால் ஒரு நாள் 180 வருகிறது, மறுநாள் 60. இதில் எது என் வேகம்? எதை அளந்தால் நேரம் எங்கே போகிறது என்று பிடிபடும்? அளந்த பிறகு எதில் கை வைக்கலாம்? புதிதாக மென்பொருள் வாங்க வழியில்லை. டேலியும் எக்செலும்தான்.

---

பேரேடு எழுதியது:

நாளுக்கு எத்தனை வவுச்சர் என்று எண்ணுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணை உயர்த்த சுலபமான வழிகள் உண்டு. புரியாத பேங்க் என்ட்ரியை சஸ்பென்ஸ் (இன்னதென்று தெரியாத தொகைக்கான) கணக்கில் தள்ளலாம், நரேஷனை (விளக்கக் குறிப்பை) வெறுமையாக விடலாம். அந்த மாதம் வேகமாகத்தான் தெரியும். மார்ச் முடிந்து ஃபைனல் போடும்போது ஒவ்வொன்றையும் மறுபடி தோண்ட வேண்டும், அதற்குள் பார்ட்டிக்கும் அது என்ன பணம் என்று மறந்திருக்கும்.

முதலில் நேரப் பதிவு. ஒரு வாரம் குறித்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் வேலைக்கு அது ஒத்துவராது. இங்கே சுற்று என்பது மாதம், அதனால் 1-ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசி வரை முழுதாகக் குறிக்க வேண்டும். ஒரு தாளில் நாளைக் கால் மணிக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பார்ட்டி எண்ணும் ஓர் எழுத்தும் போதும்: ப (பதிவு), ஒ (ஒப்பிடல்), ஃ (ஃபைலிங்), கே (கேட்டு வாங்குவது), தி (ஏற்கெனவே போட்டதைத் திருத்துவது), ம (மற்றவை). அந்தந்த நேரத்திலேயே குறித்துவிடுங்கள். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் "கே"-யும் "தி"-யும் காணாமல் போகும், எல்லாம் "ப" ஆகிவிடும். நாம் தேடுவதே அந்த இரண்டையும்தான்.

மாத முடிவில் அதிலிருந்து எடுக்க வேண்டியவை:

ஒவ்வொரு பார்ட்டி கோப்பையும் அந்த மாதத்தில் எத்தனை தடவை திறந்தீர்கள். சேல்ஸுக்கு ஒன்று, பர்ச்சேஸ் மற்றும் பேங்குக்கு ஒன்று, 2பி ஒப்பிட்டு 3பி போட ஒன்று. மூன்று தடவைதான் நியாயம். ஆறு, ஏழு என்று வந்தால் பிரச்சினை வேகத்தில் இல்லை, காகிதம் துண்டு துண்டாக வருவதில் இருக்கிறது.

"தி" கட்டங்களின் மொத்தம். இதில் நீங்கள் செய்த பிழை எது, பார்ட்டி தப்பாகக் கொடுத்தது எது என்று பிரித்து வையுங்கள்.

100 பில்லுக்கு எத்தனை நிமிடம். இதை மொத்த நேரத்திலிருந்து வகுத்து எடுக்கக் கூடாது. எல்லாக் காகிதமும் கையில் இருக்கும்போது, போனை எடுக்காமல், 50 பில்லாக மூன்று தடவை போட்டுப் பாருங்கள். மூன்றில் நடுவில் வரும் எண்ணை இரட்டித்து எடுத்துக்கொள்ளுங்கள். சேல்ஸ், பர்ச்சேஸ், பேங்க் மூன்றுக்கும் தனித்தனி எண். நீங்கள் கேட்ட உண்மையான வேகம் இதுதான். 180 வந்த நாளிலும் 60 வந்த நாளிலும் இது அவ்வளவாக மாறாது.

காகிதம் முழுதாக வந்த தேதி, ஃபைல் ஆன தேதி. 32 வரி, இரண்டு நெடுவரிசை.

இனி முக்கியமான கணக்கு. சின்ன பார்ட்டிக்கு மாதம் 2 மணி நேரம், நடுத்தரத்துக்கு 5, பெரியதுக்கு 12 என்று ஒரு உத்தேசம் வைக்கிறேன். உங்கள் எண் வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். 36 + 50 + 48, ஆக 134 மணி நேரம். வேலை நாள் 25, சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 8 மணி. 200 மணியில் போன், டீ, ஆடிட்டர் கூப்பிடுவது எல்லாம் கழித்து பத்தில் ஏழு பங்கு நிற்கும் என்று கொண்டால் 140. மொத்தத்தில் வேலை அடங்குகிறது. பிறகு ஏன் இரவு ஒன்பது மணி?

தேதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். 1 முதல் 10 வரை 9 வேலை நாள், 50 மணி. 11 முதல் 20 வரை 8 நாள், 45 மணி. 21-க்கு மேல் 8 நாள், 45 மணி. 134-இல் சேல்ஸ் பக்கம் ஐந்தில் இரண்டு பங்கு என்றால் 54 மணி. 11-ஆம் தேதி ஆர்-1 கெடுவுக்குள் அது முடிய வேண்டும், இருப்பது 50. மிச்சம் 80 மணி நேர வேலை 20-ஆம் தேதி 3பி-க்குள் முடிய வேண்டும், இருப்பது 45. ஆக 39 மணி நேர வேலைக்கு 20-ஆம் தேதிக்குள் இடமே இல்லை. அதே மாதத்தின் கடைசிப் பத்து நாளில் 45 மணி நேரம் காலியாகக் கிடக்கிறது. இதில் டிடிஎஸ் சேரவில்லை. 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டுவதும், ஆபீஸில் உண்டு என்றால் 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ-யும் இதே நெருக்கடிக்குள்தான் வந்து விழும்.

விரல் இரண்டு மடங்கு வேகமாக ஓடினாலும் பதிவு நேரம்தான் குறையும், இது முழுதாகத் தீராது. 21-ஆம் தேதியிலிருந்து நடப்பு மாதத்தின் முதல் 20 நாள் பில்களை வாங்கிப் போட ஆரம்பிப்பதுதான் வழி. முதலில் நான்கு பெரிய பார்ட்டி, அடுத்து நடுத்தரம். சின்ன 18-ஐத் தொடவே வேண்டாம். அவர்களைத் துரத்தும் நேரத்தில் அவர்கள் வேலையே முடிந்துவிடும்.

---

இருப்புநிலை எழுதியது:

தேதிக் கணக்கு சரியா இருக்கு. ஆனா விரல் வேகத்தையும் பிழையையும் அப்படியே விட்டுட வேண்டாம். "தி" கட்டம் குறைஞ்சா அதுவே ஒரு மாசத்துக்குப் பல மணி நேரம் மிச்சம்.

முதல்ல கட்டு மொத்தம். 25 பில்லை எடுத்து, என்ட்ரிக்கு முன்னாடியே கால்குலேட்டர்ல மொத்தம் போட்டு மேல் பில்லுல பென்சில்ல எழுதுங்க. 25-ம் போட்டதும் டேலி மொத்தத்தோட பாருங்க. வித்தியாசம் வந்தா 25-க்குள்ளதான் தேடணும், 600-க்குள்ள இல்ல. வித்தியாசம் 9-ஆல மீதியில்லாம வகுபட்டா பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். 5,480-ஐ 4,580-ன்னு போட்டா வித்தியாசம் 900. பேங்க்ல வித்தியாசம் வந்தா அதைப் பாதியாக்கி, அந்தத் தொகையில ஒரு என்ட்ரி இருக்கான்னு பாருங்க. இருந்தா ரிசீப்ட்டை பேமென்ட்டா போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பழைய கைக்கணக்குக் காலத்து வழிதான், இன்னிக்கும் இதைவிட வேகமா பிழையைக் காட்டுறது எதுவும் இல்ல.

பர்ச்சேஸ் பில்லைத் தேதி வாரியா அடுக்காதீங்க, சப்ளையர் வாரியா அடுக்குங்க. ஒரே சப்ளையரோட பில்லுல லெட்ஜர் (கணக்குத் தலைப்பு), வரி விகிதம், சரக்கு எல்லாம் பெரும்பாலும் ஒண்ணுதான். முதல் வவுச்சரைப் போட்டுட்டு டே புக்ல (டேலியோட நாள்வாரிப் பதிவுப் பட்டியல்) ஆல்ட்+2 அழுத்தி நகல் எடுத்து தேதி, பில் நம்பர், தொகை மட்டும் மாத்துங்க. தேதி வரிசையை டே புக் தானா பார்த்துக்கும். சேல்ஸுக்கு இது ஆகாது. தானியங்கி நம்பர் வச்சிருந்தா பில் நம்பர் வரிசையிலதான் போடணும், இல்லன்னா நம்பர் மாறி ஆர்-1 தப்பாயிடும். புது லெட்ஜர் வேணும்னா வவுச்சரை விட்டு வெளிய வராம ஆல்ட்+சி. முந்தின நரேஷன் திரும்ப வேணும்னா கண்ட்ரோல்+ஆர்.

பெரிய பார்ட்டி நாலு பேரும் பில்லிங் சாஃப்ட்வேர் வச்சிருப்பாங்க. அவங்ககிட்ட பில் காகிதம் கேக்காதீங்க, எக்செல் கேளுங்க. டேலி பிரைம் 4.0-ல இருந்து எக்செலை நேரா இம்போர்ட் பண்ணலாம். கெட்டுப்போற இடம் ரெண்டு. தேதி எழுத்தா இருக்கும், 04-05 ஏப்ரலா மே-யான்னு மாறிப்போகும். லெட்ஜர் பேருல ஒரு புள்ளி, ஒரு இடைவெளி வேறயா இருந்தாலும் சேராது. அதனால பேக்கப் எடுத்துட்டு முதல்ல 5 வரி மட்டும் ஏத்திப் பாருங்க. அப்புறம் முழுசும்.

ஜிஎஸ்டி எண்ணைப் பார்ட்டி லெட்ஜர் திறக்கும்போதே சரிபாருங்க. 15 எழுத்து, தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பம், அடுத்த 10 பான். பூஜ்யமும் ஓ எழுத்தும், 5-ம் எஸ் எழுத்தும் மாறுறதுதான் அதிகம். இங்க கவனம் ஏன் வேணும்னா, 2025 ஜூலை மாசக் கணக்குல இருந்து 3பி-ல தானா வந்து விழற வரித்தொகையைக் கையால மாத்த முடியாது. ஆர்-1-ல தப்புன்னா 3பி போடுறதுக்கு முன்னாடி ஆர்-1ஏ வழியா திருத்தணும், அதுவும் ஒரு மாசத்துக்கு ஒரே தடவை. வாங்குறவரோட ஜிஎஸ்டி எண் தப்புன்னா ஆர்-1ஏ-லயும் முடியாது, அடுத்த மாச ஆர்-1 வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் அந்த வாங்குறவர் இன்புட்டுக்காக (வாங்கினதுக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில கழிச்சுக்கிறது) போன் பண்ணிட்டே இருப்பார். உங்க "ம" கட்டத்துல பாதி இப்படித்தான் நிறையுது.

2பி ஒப்பிடறதுக்கு: ரெண்டு ஷீட்டுலயும் பில் நம்பர்ல இருக்குற சாய்கோடு, சிறுகோடு, இடைவெளி, வருஷம் (24-25 மாதிரி), முன்னாடி வர்ற பூஜ்யம் எல்லாத்தையும் எடுத்துடுங்க. மிச்சத்தை ஜிஎஸ்டி எண்ணோட ஒட்டி ஒரு சாவி பண்ணுங்க. அந்தச் சாவி மறு ஷீட்டுல எத்தனை தடவை இருக்குன்னு எக்செல்ல கவுண்டிஃப் (எண்ணிச் சொல்ற சூத்திரம்) போடுங்க. 1 வந்தா சேர்ந்தது, வரித்தொகை ஒரு ரூபாய்க்குள்ள வித்தியாசம்னா விட்டுடலாம். 2பி ஷீட்டுல 2 வந்தா நீங்க ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. 0 வந்ததை மட்டும் தனியா எடுத்து ஜிஎஸ்டி எண்ணும் வரிக்கு முந்தின தொகையும் சேர்த்து ரெண்டாவது சாவி. பில் நம்பர் தப்பா அடிச்சதெல்லாம் இதுல மாட்டும். அதுக்கப்புறம் மிஞ்சுறதுதான் கண்ணால பாக்க வேண்டியது. 2பி-ல கிரெடிட் நோட் தனி ஷீட்டுல கூட்டல் தொகையா வரும், அதைக் கழித்தலா மாத்த மறக்காதீங்க. இந்த ஷீட்டை ஒரு தடவை பண்ணி வச்சுட்டா 32 பார்ட்டிக்கும் ஒட்டுறதுதான் வேலை.

---

நாள்வழி எழுதியது:

இருவருக்கும் நன்றி. போன மாத பேப்பரை வைத்து இரண்டு நடுத்தர பார்ட்டிக்கு மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஒருவர் கோப்பு 6 தடவை, இன்னொருவர் 8 தடவை திறந்திருக்கிறது. பில் எல்லாம் வாட்ஸ்அப் போட்டோவாக 8, 9 தேதியில் பிய்ந்து பிய்ந்து வருகிறது. கேட்டால் "இருக்கிறதை வச்சு ஆரம்பிங்க, மீதி அனுப்புறேன்" என்பார்கள். போனையும் எடுக்காமல் இருக்க முடியாது, ஆபீஸ் அப்படி. 20-ஆம் தேதி ஓடிபி-க்குக் காத்திருப்பது தனி. இதற்கு என்ன செய்யலாம்?

---

கிளைக்கணக்கு எழுதியது:

"இருக்கிறதை வைத்து ஆரம்பி" என்பதில்தான் நேரம் கரைகிறது. கோப்பைத் திறந்து, எதுவரை போட்டோம் என்று தேடி, விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, மூடுவதற்கே ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் போகும். ஆனால் முழுதும் வந்தால்தான் தொடுவேன் என்று நின்றாலும் நடக்காது. நடுவழி ஒன்று உண்டு. சேல்ஸ் முழுதாக வந்தால் சேல்ஸைத் தொடுங்கள், பர்ச்சேஸ் வராவிட்டால் பரவாயில்லை. 2பி வருவதே 14-ஆம் தேதிதான். சேல்ஸ் முழுதா என்று பார்க்க முதல் பில் நம்பர், கடைசி பில் நம்பர், கேன்சல் ஆன நம்பர்கள் மூன்றையும் கேளுங்கள். 1 முதல் 143 வரை, கேன்சல் ஆனது 57-ஆம் நம்பர் மட்டும் என்றால் 142 பில் இருக்க வேண்டும். 139 இருந்தால் என்ட்ரி ஆரம்பிக்கும் முன்பே அந்த மூன்று நம்பரைக் கேட்டு வாங்கிவிடலாம்.

கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். "பில் அனுப்புங்க" என்று கேட்டால் அவருக்கு எதை என்று தெரியாது. ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு நிலையான பட்டியல் எழுதி வையுங்கள்: எந்தெந்த பேங்க் ஸ்டேட்மென்ட் (பிடிஎஃப் வேண்டாம், எக்செல்), சேல்ஸ் பில் எந்த நம்பரிலிருந்து, பர்ச்சேஸ் வழக்கமாக எந்தெந்த சப்ளையர், வாடகை, கரண்ட் பில். மாதத்தின் கடைசி நாள் இதை அனுப்பி, 4-ஆம் தேதிக்குள் என்று தேதி போடுங்கள். 5-ஆம் தேதி காலை, வராத இரண்டு மூன்று ஐட்டத்தை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் ஆள் தேடி எடுத்துக் கொடுப்பார்.

சப்ளையர் 11-ஆம் தேதிக்குள் ஆர்-1 போடாவிட்டால் அந்த பில் இந்த மாத 2பி-யில் வராது. அதைப் 15-ஆம் தேதி கண்டுபிடித்துப் பயனில்லை. சப்ளையர் சேவ் செய்த உடனேயே ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் (சப்ளையர் பில்களை ஏற்கவோ மறுக்கவோ உள்ள) பக்கத்தில் பில் தெரியும். பெரிய பார்ட்டி நான்கு பேருக்கு மட்டும் 10-ஆம் தேதி காலை அதைப் பார்த்து, பெரிய தொகை விட்டுப்போன சப்ளையருக்கு அன்றே போன் போடச் சொல்லுங்கள்.

போன் பற்றி: எடுங்கள், ஆனால் எடுப்பதற்கு முன் ஐந்து வினாடி. கடைசியாகப் போட்ட பில்லில் டிக் அடித்து, அதைக் கட்டின் குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டு எடுங்கள். போட்டதற்கு ஒரு நிறம், 2பி-யில் சேர்ந்ததற்கு வேறு நிறம். வாட்ஸ்அப் போட்டோ என்றால் பார்ட்டி பெயர் போட்ட போல்டரில் இறக்கி, போட்டு முடித்ததை "முடிந்தது" என்ற உள்போல்டருக்கு நகர்த்துங்கள். வாட்ஸ்அப் திரையைப் பார்த்து என்ட்ரி போடவே கூடாது. ஒரே பில் இரண்டு தடவை ஏறுவது அங்கேதான்.

ஓடிபி: 20-ஆம் தேதி மாலை போர்ட்டலும் திணறும், பார்ட்டியும் போனை எடுக்க மாட்டார். தினமும் காலை 11 முதல் 12 வரை ஃபைலிங் மணி என்று வைத்து, முந்தின நாள் மாலையே "நாளை 11.15-க்கு ஓடிபி வரும்" என்று நான்கைந்து பேருக்குச் சொல்லிவிடுங்கள். கம்பெனி, எல்எல்பி-க்கு டிஜிட்டல் கையெழுத்துதான். அதற்கான யுஎஸ்பி டோக்கன் யார் மேஜையில் இருக்கிறது, எப்போது காலாவதி என்று ஒரு வரி எழுதி வைத்தால் கடைசி நாள் ஓட்டம் மிச்சம்.

இன்னொன்று, இது உங்கள் ஆடிட்டர் முடிவு செய்ய வேண்டியது. உங்கள் 18 சின்ன பார்ட்டியும் மாதாமாதம் ஃபைல் செய்ய வேண்டுமா? முந்தைய நிதியாண்டு விற்றுமுதல் 5 கோடி வரை என்றால் காலாண்டு முறைக்குப் போகலாம். வருடத்துக்கு 12 தடவை போடும் 3பி 4 ஆகிறது. தமிழ்நாட்டுக்குக் காலாண்டு 3பி கெடு 22-ஆம் தேதி. இடையிலுள்ள இரண்டு மாதத்துக்கு 25-ஆம் தேதிக்குள் வரி கட்டும் சலான் மட்டும். போன காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 சதவீதம் கட்டும் முறையும் உண்டு. ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு மாற பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை போர்ட்டலில் தேர்வு செய்யலாம். கடைக்கு வந்து வாங்கும் சில்லறை விற்பனைக்காரருக்கு இது கச்சிதம். வியாபாரிகளுக்கு பில் போடுகிறவர் என்றால் அவர்கள் இன்புட்டுக்காக மாதாமாதம் 13-க்குள் ஐஎஃப்எஃப் (அந்த மாத பில் விவரம்) ஏற்ற வேண்டியிருக்கும், மிச்சம் குறைவு. 18-இல் முதல் ரகம் எத்தனை என்று எண்ணிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

---

பேரேடு எழுதியது:

கிளைக்கணக்கு சொன்னதில் ஒன்றோடு நான் ஒத்துப்போகவில்லை. பட்டியலை 32 பேருக்கும் ஒரே மாதத்தில் அனுப்ப வேண்டாம். பதில் குவிந்து அதைப் பிரிக்கவே இரண்டு நாள் ஆகும். கோப்பு அதிக தடவை திறந்த 6 பார்ட்டியை மட்டும் முதல் மாதம் எடுங்கள்.

அதேபோல் எல்லா மாற்றத்தையும் சேர்த்து ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் மாதம் நேரப் பதிவும் கட்டு மொத்தமும் மட்டும். இரண்டாம் மாதம் 6 பார்ட்டிக்குப் பட்டியல், கூடவே 21-க்கு மேல் பெரிய நான்கு பேரின் பில் முன்கூட்டியே. மூன்றாம் மாதம் எக்செல் இம்போர்ட்டும் 2பி ஷீட்டும். புதிய முறை கைக்கு வரும்வரை முதல் மாதம் அது நேரத்தைக் கூட்டத்தான் செய்யும். அதைப் பார்த்துக் கைவிட வேண்டாம். மார்ச், ஏப்ரலில் ஆரம்பிக்கவும் வேண்டாம், வருட முடிவு வேலை கலந்து எண் எதுவும் ஒப்பிடத் தக்கதாக இருக்காது.

"ஸ்பீடு போதாது" என்கிறவரிடம் 100 பில் நிமிடத்தைக் காட்டாதீர்கள். அது உங்களுக்கான எண். அவரிடம் காட்ட வேண்டியது 32 வரித் தாள்: காகிதம் முழுதாக வந்த தேதி, ஃபைல் ஆன தேதி, இடையில் எத்தனை நாள். 17-ஆம் தேதி பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுத்த பார்ட்டி 20-ஆம் தேதி இரவு ஃபைல் ஆனதற்கு யாரும் உங்களைக் கேட்க முடியாது. 4-ஆம் தேதியே முழுதும் கொடுத்தவர் 19-ஆம் தேதி வரை நின்றிருந்தால் அது உங்கள் மேஜையில் இருக்கும் தாமதம், அதை முதலில் நீங்களே பார்த்துவிடுங்கள். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வரி இல்லாத ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. எப்போதும் தாமதிக்கும் பார்ட்டிக்கு ஆடிட்டரே இதைச் சொல்லி போன் செய்தால், நீங்கள் பத்துத் தடவை கேட்பதற்கு அது சமம். அந்தத் தாளில் எந்த மூன்று பெயருக்கு அவர் பேச வேண்டும் என்று வட்டமிட்டே கொடுங்கள்.